கோட்டை வாசல் நாணயம்

நான் செய்த நாணயத்தைக் கொடுத்து யாரும் ஒரு டீ கூட வாங்க முடியாது. அது செலவுக்கு இல்லை, சேகரிப்பவர்களுக்கு. சுத்த வெள்ளியில் அடித்து, நீல வெல்வெட் விரித்த சின்ன டப்பாவில் வைத்து விற்பார்கள். வாங்கியவர் எப்போதாவது திறந்து பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்துக்கொள்வார். படம் வரையப் படித்துவிட்டு இப்படி ஒரு வேலைக்குப் போவேன் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் பெங்களூரில் ஓவியம் படித்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் விளம்பர போர்டு எழுதலாம். எனக்கு மூன்றாவதாக ஒன்று தற்செயலாக அமைந்தது.

பட்டறை நகரத்பேட்டையில் ஒரு குறுகலான தெருவில், மாடியில் இருந்தது. கீழே பேப்பர் கடை. கடைக்காரர் வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக அங்கேயே இருந்தவர். படியேறினால் இழுத்து மூடுகிற இரும்பு கேட். அதற்குப் பின்னால் ஒரு மரக்கதவு. உள்ளே மூன்று அறைகள். ஒன்றில் நாணயம் அடிக்கிற பிரஸ், ஒன்றில் நான், மூன்றாவதில் முதலாளி. எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கம்பி.

முதலாளி முன்பு வக்கீலாக இருந்தவர். பழைய நாணயங்கள் மேல் இருந்த பைத்தியத்தில் கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் வெளியே போகும்போதெல்லாம் எங்களை உள்ளே வைத்துக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போவார்.

“உங்க மேல சந்தேகம் இல்லம்மா. வெள்ளி இருக்கிற இடம்” என்பார்.

அவர் மேஜையில் இருந்த டெலிபோனின் டயலிலும் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசலாம். நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது. அப்போது எனக்கு இருபத்திநாலு வயது. பூட்டிவைத்து வேலை வாங்குவது தப்பு என்று சொல்லத் தோன்றவே இல்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது, வேலை பிடித்திருந்தது.

அங்கே என்னோடு வேலை பார்த்த இன்னொருவர், பிரஸ் ஓட்டுகிற அண்ணன். மண்டியாக்காரர். நாற்பது தாண்டியவர், மனைவியும் பெண்ணும் ஊரில் இருந்தார்கள். இங்கே தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நாங்கள் இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். நான் அல்சூரில் பிறந்து மர்பி டவுனில் வளர்ந்தவள், கன்னடம் எனக்குத் தெருவிலிருந்தே வந்துவிட்டது. அவர் பேசியதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் முதலாளி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தபோது, படையோடு வந்த ஓவியர் ஒருவர் இடிந்த மதில் எதிரே உட்கார்ந்து பென்சிலில் வரைந்த படம். அதன் போட்டோப் பிரதியை எங்கிருந்தோ எழுதி வரவழைத்திருந்தார். இருநூறாவது வருஷத்துக்கு ஒரு வெள்ளி நாணயம், டிசம்பர் முடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

என் வேலை அந்தப் படத்தைப் பிளாஸ்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புடைப்பாகச் செய்வது. அதை மெஷினில் சின்னதாக்கி, டை என்கிற இரும்பு அச்சில் வெட்டுவார்கள். அந்த டையை வைத்துத்தான் அண்ணன் வெள்ளி வில்லைகளில் அடிப்பார். கோட்டை வாசலும் இடிந்த மதிலும் கஷ்டப்படாமல் வந்துவிட்டன. வாசலில் நின்ற ஒரு பெண்தான் வரவில்லை. தலையில் ஒரு மூட்டை. அந்த ஓவியர் அவளை ஏழெட்டுக் கோட்டில் முடித்துவிட்டுப் போயிருந்தார். கோட்டைக்குள் போகிறாளா, வெளியே வருகிறாளா, தெரியவில்லை. பென்சில் கோட்டில் அதைச் சொல்லாமல் விடலாம். பிளாஸ்டரில் முகமோ முதுகோ ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். நான் செய்து செய்து சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“லென்ஸ் வெச்சுப் பாப்பாங்கம்மா, ஏனோதானோன்னு விடாதே” என்று முதலாளி தினமும் சொல்வார்.

டிசம்பரில் காவிரிப் பிரச்சினை முற்றியது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று வந்த உத்தரவைப் பற்றியே எல்லா டீக்கடையிலும் பேச்சு. பந்த் மறுநாள்தான் என்றார்கள். அன்று பஸ் ஓடியது. அம்மா போகவேண்டாம் என்றாள். பிளாஸ்டர் பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் டீ குடிக்கும்போதே அண்ணன் ஆரம்பித்தார்.

“தம்பி வயல்ல கரும்பு காயுது. இதுல உங்க ஊருக்குத் தண்ணி விடணுமாம்.”

“எங்க ஊரா? நான் பொறந்தது அல்சூர்ல அண்ணா.”

“நீ பொறந்தது இங்கதான். உங்க ஜனம் அங்கதானே இருக்கு?”

நான் டம்ளரை வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். இரண்டு வருஷத்தில் அவர் என்னை ஒரு ஜனத்தோடு சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மதியம் முதலாளி சாப்பிட பசவனகுடியில் இருந்த வீட்டுக்குக் கிளம்பினார். வழக்கம்போல வெளியே பூட்டின சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஷட்டர்கள் இறங்க ஆரம்பித்தன. ஒரு கோடியிலிருந்து தொடங்கி வரிசையாக, கடகடவென்று எங்கள் கட்டிடம் வரைக்கும் வந்து அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் கேட்டே இராத ஒரு அமைதி.

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். முதலாளி.

“பஸ்ஸை எல்லாம் நிறுத்தறாங்கம்மா. கார்களைக் கொளுத்தறாங்க. என்னால திரும்பி வர முடியாது. மரக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோங்க. சத்தம் போடாதீங்க.”

“சார், சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு” என்றார். “போன் பூட்டுச் சாவியும்.” பிறகு லைன் கட் ஆகிவிட்டது.

அண்ணன் மரக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பட்டறை இருட்டிப்போனது. நான் போனிடம் உட்கார்ந்தேன். டயலைச் சுற்ற முடியாவிட்டாலும், ரிசீவர் வைக்கிற கட்டையை எண்ணுக்குத் தகுந்தாற்போல் தட்டினால் நம்பர் போகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக் கடையில் கூப்பிட்டுச் சொன்னால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அந்த நம்பரைத் தட்டினேன். முதலில் யாரோ ஒரு பாட்டி எடுத்தாள். அடுத்து ஒரு ஆஸ்பத்திரி. அதற்கடுத்து ஒரு ஆண் குரல், கன்னடத்தில், “யாரு? எங்கேருந்து பேசற?” என்று கோபமாகக் கேட்டது. வைத்துவிட்டேன். அதற்கு மேல் தட்டக் கை வரவில்லை.

“விடு. சார் சாயந்திரம் வந்துடுவார்” என்றார் அண்ணன்.

“நீங்க வேணா ஜன்னல்ல நின்னு கூப்பிடுங்க. உங்களுக்கு என்ன பயம்? உங்க ஜனம்தானே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா, எனக்கும் கோவம் இருக்கு” என்றார். “தம்பி கடன் வாங்கிக் கரும்பு போட்டிருக்கான். நான் கோவப்படக் கூடாதா?”

“படுங்க. எங்க வீட்டுக் குழாய்ல வர்றதும் காவிரிதான், உங்க ரூம்ல வர்றதும் காவிரிதான். நான் யார்கிட்டேருந்து என்ன எடுத்தேன்?”

“உன்னை யார் சொன்னா?”

“காலைல நீங்கதானே சொன்னீங்க.”

அவர் பிரஸ் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பூட்டிய இடத்தில் சண்டை போட்டால் இதுதான் சங்கடம். கோபித்துக்கொண்டு போவதற்கு அடுத்த அறைதான் இருக்கிறது.

அப்புறம் கூட்டம் வந்தது. தூரத்தில் கோஷமாகக் கேட்டது, கிட்டே வரவரத் தனித்தனிக் குரல்களாகப் பிரிந்தது. கீழே பேப்பர் கடையின் ஷட்டரை எதையோ வைத்து அடித்தார்கள். கடைக்காரர் காலையிலேயே மூடிவிட்டுப் போயிருந்தார், அந்த மட்டில் நல்லது. பேப்பர் பண்டல்களை வெளியே இழுத்துப் போட்டு நெருப்பு வைத்தார்கள். புகை ஜன்னல் வழியாக நேரே எங்கள் மேல் வந்தது.

அண்ணன் ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினார். சாக்குகளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து இடுக்குகளில் திணித்தோம். அப்படியும் கண் எரிந்தது. கீழே கடைக்குள்ளே தீ பிடித்தால் எங்களுக்கு வழியே கிடையாது. ஜன்னலில் இரட்டைக் கம்பி, கதவுக்கு வெளியே பூட்டு. நான் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். அண்ணன் பிரஸ்ஸின் நீண்ட இரும்புத் தண்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பிக்கு நடுவே கொடுத்து நெம்பிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. வெள்ளிக்காகப் போட்ட கம்பி.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். நாலைந்து பேர் இருக்கும். அண்ணன் தண்டை மெதுவாக எடுத்துக்கொண்டு மரக்கதவின் பக்கத்தில் போய் நின்றார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வெளியே கேட்டை உலுக்கினார்கள். இரும்பு மொத்தமும் அதிர்ந்தது.

“மேல யாருது?”

“தெரியல. பூட்டிருக்கு. வா.”

இறங்கிப் போனார்கள். வெளியே தொங்கிய அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் போனார்கள். நான் மனசுக்குள் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்த பூட்டு அது. அண்ணன் தண்டைக் கீழே வைக்கவில்லை.

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டியது யாரென்று பார்க்க முடியவில்லை. புகை மெல்லக் குறைந்தது. நெருப்பு கடைக்குள் போகாமல் தெருவோடு நின்றது.

வெயில் சாய்கிற நேரத்தில் மறுபடி படியில் சத்தம். இந்த முறை ஒரே ஆள். ஏறுவதும் நிற்பதுமாக வந்தார். அண்ணன் மறுபடி கதவோரம் போனார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வந்தவர் கேட்டைத் தொட்டார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உலுக்கவில்லை, மெதுவாக இழுத்தார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. போனாரா நிற்கிறாரா என்று புரியவில்லை. கதவின் அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சு இரைப்பது மட்டும் கேட்ட மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, போய்விடு, போய்விடு என்று சொல்லிக்கொண்டேன். இன்னொரு தரம் பூட்டை இழுத்தார். அப்புறம் இறங்கிப் போகிற சத்தம்.

இருட்டிய பிறகு விளக்குப் போடவில்லை. என் டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. பாதியை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

“காலைல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

“சரி அண்ணா.”

“ஆனா கரும்பு நிஜமாவே காயுது.”

“சரி அண்ணா.”

அவர் கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பிளாஸ்டர் மூட்டைகள் மேல் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

மறுநாள் முதலாளி போலீஸ் ஜீப்பில் வந்தார். ஊரில் ஊரடங்கு. தெரிந்த அதிகாரி ஒருவரைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். கேட்டைத் திறந்தவர் என்னையும் அண்ணனையும் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து, “வெள்ளி பத்திரமா இருக்கா?” என்று கேட்டார். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்டவுடனே அவர் முகம் மாறிப்போனது. ஜீப்பில் என்னை மர்பி டவுன் வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் எரிந்த டயர் வாடை.

எங்கள் தெரு அப்படியே இருந்தது. அம்மா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். அவர் ஒரு ராணுவக் கேன்டீனில் ஸ்டோர் கீப்பர், வேலை நாளில் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. பாதம் இரண்டும் கொப்புளமாக இருந்தது.

“எங்கம்மா இருந்தே?” என்றார்.

“பட்டறைலதான்பா. உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டார்.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்தார்.

“உள்ளேயா இருந்தே?”

“ஆமாப்பா.”

“நான் வந்தேனே. நடந்தே வந்தேன். பூட்டிருந்துது. இழுத்துப் பாத்தேன்.”

“கூப்பிட்டிருக்கலாமேப்பா” என்றேன்.

“கூப்பிடணும்னுதான் நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்மா. உன் பேரைச் சொன்னாலே தமிழ்ப் பேருன்னு தெரிஞ்சுடும். கீழ நெருப்பு இன்னும் புகைஞ்சுட்டிருந்துது. வாயைத் திறந்தேன், சத்தம் வரல. பூட்டிருக்கே, நீ முன்னாடியே கெளம்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டு திரும்பிட்டேன்.”

அந்தக் கதவுக்குப் பின்னால் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் காலில் மருந்து போட்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. ஒரு மரக்கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும், இருவருமே பேசப் பயந்து நின்றிருக்கிறோம். அன்றைக்கு நடந்ததில் புகையைவிட, கேட்டை உலுக்கினதைவிட, எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது அதுதான்.

இரண்டு நாளில் அப்பா என்னையும் அம்மாவையும் ஜோலார்பேட்டையில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அவர் பெங்களூரிலேயே இருந்துகொண்டார். ரயிலில் உட்கார இடமில்லை. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள், சட்டி பானையோடு. அங்கே போனால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். பயம் போனது. ஆனால் சித்தப்பா வீட்டில் என்னை வாசலுக்குக்கூட விடவில்லை. வயசுப் பெண், ஊர் கெட்டுக் கிடக்கிறது என்றார்கள். வருகிறவர்கள் எல்லாம், “பெங்களூர்லேருந்து தப்பிச்சு வந்தவங்க” என்று எங்களைப் பார்க்க வந்தார்கள். கன்னடக்காரர்களைத் திட்டினார்கள். தண்டோடு கதவோரம் நின்ற ஒருவரைப் பற்றி நான் சொன்னால் யாருக்கும் அந்தப் பகுதி பிடிக்கவில்லை. “அது ஒருத்தன்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். என் தமிழைக் கேட்டுச் சித்தப்பா பெண்கள் சிரித்தார்கள். அதற்குள் எனக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். இரவில் பாயில் படுத்தால் மறுபடியும் அந்த மரக்கதவுக்குப் பின்னால் இருப்பது போலவே இருந்தது.

பொங்கல் முடிந்ததும் நான் திரும்பிப் போகிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவரே வந்து அழைத்துப்போனார்.

பட்டறையில் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நான் உட்காராமலே சொன்னேன்.

“சார், இனிமே வெளியே பூட்டினா நான் வரமாட்டேன்.”

“வெள்ளி இருக்கேம்மா...”

“அப்ப வெள்ளிய மட்டும் பெட்டில வெச்சுப் பூட்டுங்க சார்” என்றார் அண்ணன் பிரஸ் ரூமிலிருந்து.

முதலாளி கொஞ்ச நேரம் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. கேட் பூட்டின் சாவி ஒன்று அண்ணனிடம் போனது. டெலிபோன் பூட்டை மட்டும் அவர் கடைசிவரை எடுக்கவில்லை.

நாணயம் இருநூறாவது வருஷத்துக்கு வரவில்லை, இருநூற்றியொன்றாவதில் வந்தது. வாசலில் நின்ற பெண்ணை நான் வெளியே பார்க்க வைத்தேன். அண்ணன் முதல் நாணயத்தை அடித்துத் துடைத்து என் கையில் வைத்தபோது சூடாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரிசியில் பாதிகூட இல்லாத முகம், ஆனால் முகம் என்று தெரிந்தது. சேகரிப்பவர்கள் வாங்கினார்கள். யாரும் அவளைப் பற்றி ஒன்றும் கேட்டு எழுதவில்லை.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அங்கே இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆயிற்று, நான் பார்த்துச் சம்மதித்த மாப்பிள்ளை, பெங்களூரிலேயே. இரண்டாயிரம் பிறந்தபோது வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸில் இருந்தேன். கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். கிளம்பினதும் டிரைவர் கதவுகளைப் பூட்டுவார். ஒரு அழுத்தில் நாலு கதவும் டக்கென்று விழும். “என் பக்கம் மட்டும் திறந்து வைங்க” என்று ஒவ்வொரு புது டிரைவரிடமும் கேட்டிருக்கிறேன். சிலர் செய்தார்கள். சிலர் ரூல் இல்லை மேடம் என்றார்கள். அந்த நாட்களில் டிராஃபிக்கில் வண்டி நின்றுவிட்டால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் எப்போதாவது போன் செய்வார். பட்டறையை மூடிய பிறகு ஊருக்கே போய்விட்டார். ஒருநாள் பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொன்னார்.

“நீ வரணும். அப்பாவையும் கூட்டிட்டு வா.”

வருகிறேன் என்றேன். புடவை எடுத்து வைத்தேன். அப்போது எங்களோடு இருந்த அப்பாவும் வருகிறேன் என்று புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மறுபடி காவிரி. மைசூர் ரோட்டில் மறியல், பஸ்கள் நின்றன. டிவியில் மண்டியாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவரே கூப்பிட்டார்.

“வராதேம்மா” என்றார். “ஊர்ல எல்லாருக்கும் கோவம். நான் இருக்கேன், ஆனா வழி நெடுக நான் இருக்க முடியாது.”

“கரும்பு எப்படி அண்ணா இருக்கு?”

“காயுது.”

அந்தப் பக்கம் பந்தல் போடுகிற சத்தம் கேட்டது, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “வெச்சுடறேன்” என்று வைத்துவிட்டார். அப்பா முன்னறையில் சட்டையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போக முடியாது என்று சொல்ல நான் எழுந்து போனேன்.